மணிக்கட்டில் வந்து உட்கார்ந்த கதண்டு

வளைகுடா நாட்டில், ராஸ் அல் கைமா மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது உடையப்பனின் வேலை. சிவகங்கைப் பக்கத்து ஆள். முன்பு முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இந்தத் தோட்டத்து இலந்தை மரங்களுக்கு வந்து சேர்ந்தவர். போன வருஷம் ஒரு கதண்டு, தேனீ தின்னும் பெரிய குளவி, கொட்டியதில் நாக்குத் தடித்து, மூச்சடைத்து விழுந்தார். இன்னொரு கொட்டு வாங்கினால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் காதுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று உடையப்பன் மூச்சுவிடவில்லை. ரூமில் கூட இருக்கும் கிளிட்டஸுக்கு மட்டும் தெரியும். தோட்டத்து மோட்டார்களைப் பார்க்கும் குளச்சல்காரன் அவன்.

அந்தக் கிளிட்டஸ்தான் முந்தின நாள் ஆசையாக ஒரு காரியம் செய்தான். அண்ணனுக்கு ஒத்தாசை என்று, பெட்டி வாசலில் நின்ற கதண்டைச் செருப்பால் அடித்துப் பலகையிலேயே நசுக்கினான். நசுங்கிய கதண்டின் வாடை கூட்டாளிகளை அழைக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

காலையில் பெட்டி முன்னால் கதண்டுகள் அந்தரத்தில் நின்றன. மகரந்தம் சுமந்து களைத்து வரும் தேனீயைப் பறக்கும்போதே கவ்வின. பக்கத்துக் கிளையில் தலைகீழாகத் தொங்கி, தலையையும் இறக்கையையும் கத்தரித்துப் போட்டுவிட்டு, நெஞ்சுக்கறியை மட்டும் உருட்டித் தங்கள் குஞ்சுகளுக்குக் கொண்டுபோயின. தேனீக்கள் வாசலில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. எதுவும் வெளியே கிளம்பவில்லை. ஒரு கதண்டு வாசலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது.

வாசலைச் சுருக்க வேண்டும். தேனீ நுழையலாம், கதண்டு நுழையக் கூடாது, அந்த அளவுக்கு. தான் செய்வதாகக் கிளிட்டஸ் கெஞ்சினான். நேற்று செய்தது போதும் என்று உடையப்பன் வாசலில் அடிக்க வேண்டிய மரச் சட்டத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டார். முகத்தில் வலை இருந்தது. ஆணி பிடிக்கத் தோதில்லாமல் கையுறைகளைக் கழற்றினார்.

ஒரு ஆணி இறங்கியது. அடுத்ததை வைக்கும்போது மணிக்கட்டில் கதண்டு உட்கார்ந்தது.

கிளிட்டஸ் கொசு அடிக்கும் பேட்டை ஓங்கினான். "அண்ணே, அனங்காத. ஒத்த அடி."

"அடிச்சிராதப்பா. செவனேன்னு நில்லு."

கதண்டு முழங்கையை நோக்கி ஊர்ந்தது. மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது. அதன் வயிறு விரிந்து சுருங்குவது தோலில் தெரிந்தது. ஊரில் மனைவி மீனாம்பாளுக்கு டாக்டர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தார். வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

அப்போது மகரந்தத்தோடு வந்த தேனீ ஒன்று, வாசலை அவர் கை மறைத்திருக்க, அவர் விரலில் இறங்கியது. கதண்டு திரும்பியது. ஒரே பாய்ச்சல். தேனீயைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போய்விட்டது.

மிச்ச ஆணிகளை அடித்து முடித்தார். கிளிட்டஸ் பேட்டைக் கீழே போட்டான். "எனக்க உசுரும் போயிட்டு வந்துச்சு, அண்ணே."

மாலையில் கஃபீல் வந்தபோது உடையப்பன் தானே போய், போன வருஷத்துக் கொட்டிலிருந்து எல்லாவற்றையும் தெரிந்த அரபியில் சொன்னார். கஃபீல் ஊருக்கு அனுப்பவில்லை; ஆட்டுப்பட்டியைக் கைகாட்டினார். நாளையிலிருந்து அங்கே டூட்டி.

உடையப்பன் விரலைப் பார்த்தார். மகரந்தப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.