இரண்டாம் நம்பரின் கண்டம்

பவுலின் என்று பேர், எங்களுக்கெல்லாம் அக்கா. வியாழக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வருவார். எங்கள் மருத்துவமனை சின்னது. மெஷின்களைப் பழுது பார்க்கத் தனி ஆள் வைக்க வசதியில்லை. இப்படி நாலு மருத்துவமனைகளுக்கு அவர் ஒருவர்தான். நர்ஸ் இசை, அதாவது நான், பேசினால் அவர் காதில் விழாது, மெஷின் முனகினால் விழும். அதன் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தூங்குகிறார் என்று கேலி செய்வேன். பதினாறு வருடமாக இப்படித் தூங்கித் தூங்கியே எல்லாவற்றையும் ஓட வைத்திருக்கிறார்.

அந்த அமாவாசை மதியம் மழை மூட்டமாக இருந்தது. பிறந்த குழந்தைகளுக்குச் சூடு தரும் வார்மர் எங்களிடம் இரண்டே இரண்டு. முதலாவதில் ஒலக்கூர் அஸ்வினியின் குழந்தை, ஒன்றரைக் கிலோ. முன்பு இரண்டு தங்காமல் போய், இது மூன்றாவது. ஆரஞ்சு வெளிச்சம் சுவரெல்லாம் படர்ந்து, அறையே கனவுக்குள் இருப்பது போலிருக்கும்.

அன்று அந்த வார்மரின் சென்சார் தப்புத் தப்பாகச் சூடு காட்டியது. புதிது வர ஒரு மாதமாகும். இரண்டாம் நம்பரில் சென்சாரும் போர்டும் நல்லவை, ஆனால் பாதிச் சூடுதான் வரும். குழந்தையை அஸ்வினியின் மார்போடு கட்டி அறை வாசலில் உட்காரவைத்தோம். அக்கா இரண்டாவதன் சென்சாரையும் போர்டையும் கழற்றி முதலாவதில் போட்டார். பிறகு காலியான கூட்டைத் தடவிக்கொடுத்து, “இது கண்டம்தான் இசை. இனிமே தாங்காது,” என்றார்.

உதவாத பொருளைக் கழித்துக்கட்டுவதை நாங்கள் கண்டம் என்போம். ஜாதகத்தில் உயிருக்கு வரும் ஆபத்துக்கும் அதே பேர்தான். அது எங்கள் புத்தியில் உறைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

எதிரே பேருந்து நிலையம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம். அவசரமே அறியாத அக்கா, ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்காமல் போனார். நான் பின்னால் ஓடினேன். கூட்டம் ஏனோ தானாக விலகியது. அஸ்வினி பஸ் படியில் கால் வைத்திருந்தாள்.

“வா கண்ணு, கொழந்தைக்குக் குளிரும்,” என்றார் அக்கா.

“நீங்கதானக்கா கண்டம்னு சொன்னீங்க. தாங்காதுன்னீங்க. ஆத்தா காலுல போட்டுட்டு வர்றேன், வுடுங்க.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. “மெஷின சொன்னாங்கம்மா,” என்றேன்.

“மெஷினுக்கு ஏது கண்டம்? ஏமாத்தாதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா எங்கள்மேலா என்று தெரியவில்லை.

அக்கா அவள் முந்தானைக்குள் கைவிட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்தார். சில்லென்றிருந்ததாம். மெஷின் முன்னால் நிற்பது போலவே கண்ணை மூடினார்.

“நெசந்தான் கண்ணு. உன் புள்ள கண்டத்த அந்த ரெண்டாம் நம்பரு வாங்கிக்கினு போயிடுச்சு. அதோட உசுர எடுத்துத்தான் ஒண்ணாம் நம்பருல போட்டுட்டு வந்திருக்கேன். இவன் வந்து படுக்கலன்னா அது செத்தது வீண்.”

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பஸ் கிளம்பியது. அஸ்வினி ஏறவில்லை.

திரும்பி வந்து குழந்தையைப் படுக்கவைத்ததும், மாற்றிப் போட்ட சென்சார் முப்பத்தைந்து டிகிரி காட்டியது. குழந்தைக்கு அது குறைவு. மூன்று பேரும் அந்த வெளிச்சத்தில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சூடு துளித்துளியாக ஏறி முப்பத்தாறரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அக்காவின் ரயில் போய்விட்டது. குழந்தை கையை விரித்துத் தூங்கினான். எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அஸ்வினி மெதுவாக நடந்து, மூலையில் தள்ளி வைத்திருந்த இரண்டாம் நம்பரின் மேல் கை வைத்தாள்.

“கழட்டறப்ப இதுக்கு வலிச்சிருக்குமாக்கா?”

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அக்காவும் வந்து அதன் மேல் கை வைத்தார்.

“தெரியல கண்ணு. அப்பவும் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு,” என்றார்.