புதுக் கயிறு கட்டிய பிறகு

1. கத்தரிக்கோல்

கருப்பையா அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"என்னையப் பொணமாக்கித்தான் உள்ள கொண்டு போவீகளா?" என்றார்.

நான் அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் ஆயாவாக இருந்தேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து விடிந்ததும் ஷேர் ஆட்டோவில் வருவேன். தியேட்டருக்குள் போகிற ஆளைச் சுத்தம் செய்து, நகைநட்டுக் கழற்றி, பச்சைத் துணி உடுத்தி அனுப்புவது என் பொறுப்பு. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான் படிப்பு. ஆனால் நான் தயார் செய்து அனுப்பிய ஆளை, சரியில்லை என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

கருப்பையா அண்ணனுக்கு ஊர் நரிக்குடிப் பக்கம். கண்மாயில் மடை திறந்து, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடுகிற நீர்பாய்ச்சி. அவருக்குக் கிட்னி இரண்டும் நின்றுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழாயில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கை வழியாக மெஷினில் சேர்க்கலாம் என்றால் கையில் ரத்தக்குழாய் தோதாக இல்லை. அதனால் வயிற்றில் கத்தீட்டர் குழாய் வைக்க முடிவானது. வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விடுவார்கள். அது உள்ளே கிடந்து அழுக்கை இழுத்துக்கொள்ளும். பிறகு அதே குழாய் வழியாகப் பையில் வடித்துவிட வேண்டும். பழகிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். பஸ் ஏறி அலைய வேண்டாம். இதுவும் நடக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அவர் மனைவி ராக்கம்மாளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட காரியம் இடுப்பில் கிடந்த ஓர் அரைஞாண் கயிற்றில் முட்டி நின்றது. வியர்வையும் எண்ணெயும் ஏறிய பழைய கறுப்புக் கயிறு. தியேட்டருக்குள் அது போகக்கூடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆம்பிளை இடுப்பு வெறுமையாவது ஒரே ஒரு நாள்தான். குளிப்பாட்டிப் பாடையில் வைக்கும்போது அறுப்பார்கள். இது தெரிந்துதான் நான் எல்லோரிடமும் ஊர்க்கதை பேசிக்கொண்டே, அவர்கள் அசந்த நேரம் நறுக்கிவிடுவேன். கருப்பையா அண்ணன் அசரவில்லை.

2. ஊதா மை

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். குனிந்து பார்த்தார். முந்தின நாள் அவர் ஊதா மையில் போட்ட அடையாளம், சரியாக அந்தக் கயிற்றுக்கு அடியில் தேய்ந்து கலங்கிக் கிடந்தது.

"அய்யா, நேத்து ஒங்கள உக்கார வச்சு, நிக்க வச்சு, வேட்டியக் கட்டச் சொல்லிப் பாத்துத்தான இந்த எடத்துல மார்க் போட்டேன். அப்ப இந்தக் கயிறு எங்க போச்சு?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். "பனியனுக்குள்ள."

"பனியனுக்குள்ளயா?"

"உடம்பு வத்திப்போச்சுல்ல, கயிறு லூசு. நெஞ்சு வரைக்கும் ஏத்திவிட்டுட்டேன். டாக்டரு கண்ணுல பட்டா அறுத்துருவாருன்னு வார்டுல சொன்னாக."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "குழா வெளிய வர்ற எடத்துல வேட்டிக்கட்டும் ஒரசக்கூடாது, கயிறும் ஒரசக்கூடாது. இந்த மார்க்குல வச்சிருந்தா கயிறு அறுத்து அறுத்துச் சீழ் பிடிச்சிருக்கும். வயித்துக்குள்ள சீழ் போனா ஆளுக்கே ஆபத்து."

"அப்பக் கொழாயே வேணாம் சாமி. நான் கயித்தோட ஊருக்குப் போறேன்."

எழுந்தும்விட்டார். கதவோரம் நின்ற ராக்கம்மாள் வழியை மறித்தாள்.

"போங்க. கயித்தோட போயிச் சேருங்க. அங்க எப்புடியும் அறுக்கத்தான போறாக? இங்க அறுத்தா வலிக்குமோ?"

அண்ணன் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள்தான் மறுபடியும் பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க, இத்தன வருசத்துல பழங்கயித்த அறுத்ததே இல்லியா நீங்க?"

"அது வேற புள்ள. புதுசக் கட்டிட்டுத்தான பழச அறுக்குறது. இடுப்பு ஒரு நிமிசம் வெறுசாக் கெடக்காதுல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கயிறு வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்.

அவள் கடைத்தெருவில் புதுக் கறுப்புக் கயிறு வாங்கி வந்தாள். டாக்டர் என்னிடம் நீட்டினார். "இத ஆட்டோகிளேவ்ல போட்ருங்க." தியேட்டர் சிஸ்டர் வாய்பிளந்தார். "சார், ஆபரேஷன் சாமானோட அருணாக்கயிறா?"

"வேகட்டும் சிஸ்டர். கயித்துக்கும் கிருமி இருக்கக்கூடாதுல்ல."

நீராவியில் வெந்து ஆறிய கயிற்றை, ராக்கம்மாளுக்குக் கவுனும் தொப்பியும் மாட்டி, அவள் கையில் கொடுத்தேன். டாக்டர் காட்டியபடி இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். மூன்று முடிச்சு.

"கலியாணத்தன்னைக்கு நீங்க எனக்குக் கட்டுனீக. இன்னைக்கு நான் ஒங்களுக்குக் கட்டிட்டேன்" என்றாள். அண்ணனுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. அதற்குப் பிறகுதான் என் கத்தரிக்கோல் பழங்கயிற்றைத் தொட்டது. டாக்டர் அவரை மறுபடி உட்கார வைத்து, நிற்க வைத்து, கயிறும் வேட்டிக்கட்டும் வராத மேட்டில் புது அடையாளம் போட்டார். புதுக் கயிற்றை நான் பிளாஸ்டர் ஒட்டி மூடினேன்.

3. மேலமடை

வெளியே கரிசல் காடு வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். தியேட்டருக்குள் எந்தக் காலமும் மார்கழிதான். பச்சைத் துணி, வெள்ளை விளக்கு, ஏசியின் முனகல். மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கண் செருகவும் மருந்து கொடுத்திருந்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னக் கீறல். குழாய் மெல்ல அடிவயிற்றுக்கு இறங்கியது. குழாயில் பஞ்சு போல ஒரு வளையம் உண்டு. அதைச் சதைக்குள் புதைத்துவிட்டால் சதை வளர்ந்து கவ்விக்கொள்ளும். பிறகு டாக்டர் தோலுக்கு அடியிலேயே குடைந்து கொண்டுபோய், அடையாளம் போட்ட இடத்தில் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வெளியே எடுத்தார். வாய் மேலே பார்த்தால் வியர்வையும் அழுக்கும் தங்கும்.

அடுத்ததுதான் சோதனை. மருந்துத் தண்ணீர் உள்ளே போனது. பையைத் தரையில் இறக்கினோம். உள்ளே போனது திரும்பி வர வேண்டும். வரவில்லை.

டாக்டர் நெற்றியைத் துடைத்தேன். அப்போது துணிக்கு அடியிலிருந்து தூக்கக் குரல் வந்தது.

"மேலமடை தொறந்தாச்சா?"

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரே பதில் சொன்னார். "தொறந்தாச்சு அய்யா."

"தண்ணி வருதா?"

"இன்னும் வரல அய்யா."

"வரும். மொதல்ல மடைக்குள்ள கெடக்குற காத்து வெளிய போகணும். அவசரப்பட்டுக் கம்பிய விட்டுக் குத்திராதீக..." பிறகு ஏதோ வரப்பின் பேரைச் சொன்னார். யாரையோ ஏசினார். கொக்கு வந்திருக்கிறதா என்று கேட்டார். அவர் கண்மாய்க்கரையில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கணம் எனக்கும் காலடியில் ஈர மண் தட்டுப்பட்டது போல இருந்தது.

"தலைமாட்டக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார் டாக்டர். மேசையைச் சாய்த்தோம். குழாயில் ஒரு குமிழ் ஓடியது. இன்னொன்று. அப்புறம் லேசாகச் சிவந்த தண்ணீர், போகப் போகத் தெளிந்து, பைக்குள் சத்தமில்லாமல் நிறைந்தது.

"வந்துருச்சு அய்யா."

"ம்" என்றார். தூங்கிப்போனார்.

மழைக்காலம் கழிந்து புருசனும் பெண்டாட்டியுமாகச் சோதனைக்கு வந்தார்கள். குழாய் வாய் காய்ந்து சுத்தமாக இருந்தது. கயிறு கீழே தன் இடத்தில் கிடந்தது. ராக்கம்மாள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "கையக் கழுவுறதுல என்னையவே வெரட்டுறாரு. இந்த வருசம் கண்மாய்க்குத் தண்ணி வரலக்கா. ஆனா நீர்பாய்ச்சிக்கு வேல நிக்கல. வீட்டுக்குள்ளயே மடை தொறக்குறாரு, அடைக்கிறாரு."

அதற்குப் பிறகு புதிதாகத் தியேட்டர் வேலைக்கு வந்த பெண்களுக்கு நான் சொல்லிவந்தது இதுதான். ஆள் அசந்த நேரம் பார்த்து அறுப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. நான் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருவர் உடம்பிலிருந்து ஒன்றை எடுக்கும்முன், அதன் இடத்தில் எதைக் கட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். நான் வேலையை விட்டு வந்த அன்றைக்கும் ஆட்டோகிளேவ் டிரம்முக்குள், கத்தரிக்கும் இடுக்கிக்கும் பக்கத்தில், ஒரு சுருள் கறுப்புக் கயிறு வெந்துகொண்டிருந்தது.