மீட்டர் பார்க்காத டிரைவர்

செருப்பைக் கழற்றி முன்சக்கரத்தின் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் லாரியில் ஏறுவார். ஏறியதும் கதவைச் சாத்த மாட்டார், சாவியைத் திருக மாட்டார், மீட்டர் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். வெறும் இடது காலைக் கிளட்ச் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல அழுத்துவார். விற்கிறவர் கீழே நின்று, "ஒரே ஓனர், ஒரு லட்சம்தான் ஓடியிருக்கு" என்று ஓதிக்கொண்டே இருப்பார். "கொஞ்சம் சும்மா இருங்க. கால் கேட்டுக்கிட்டிருக்கு" என்பார் இவர்.

பழைய லாரி விற்கும் யார்டுகளில் இவருக்கு வெறுங்கால் என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். நான்கு வருடங்களுக்கு முன்பு இடது முட்டி இனி முடியாது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, லாரி வாங்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போகிறார். இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டால் அந்த வண்டி வேண்டாம் என்று அர்த்தம். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஆபீஸ் பக்கம் நடந்தால் விலை பேசலாம். யார்டுக்காரர்கள் யாரும் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள்.

"எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் வாங்கலாம்ணே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "ஆள வேலைக்கு வைக்கும்போது வயச மட்டும் கேட்டுட்டு வைப்பியா? பத்து லட்சம் ஓடின வண்டிய நானே வாங்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு லட்சத்துல செத்த வண்டியையும் பாத்திருக்கேன். நேர் ரோட்டுல ஓடுச்சா, ஊருக்குள்ள நின்னு நின்னு ஓடுச்சா? எத்தனை டிரைவர் கை மாறுச்சு? ஆயில் யாரு மாத்தினா? அதக் கேளு."

அவர் பார்ப்பது வேறு. ஸ்டியரிங் வளையத்தில் கை பிடிக்கும் இடம் எவ்வளவு வழவழத்திருக்கிறது, சீட்டின் ஓரம் ஏறி இறங்கி எவ்வளவு அமுங்கியிருக்கிறது, கதவைத் திறந்தால் அது எவ்வளவு தொங்குகிறது. மீட்டரை ஒரு மணி நேரத்தில் பின்னால் ஓட்டிவிடலாம். கதவுக் கீலைப் பின்னால் ஓட்ட இன்னும் ஒருவன் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி.

இந்தச் சனிக்கிழமை காலையில் அவர் போனது சொந்த அக்கா மகளுக்காக. வயது முப்பத்தைந்தாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், லோடு ஏற்றி அனுப்பும் இடத்தில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள். வருகிற லாரிகளுக்கெல்லாம் நேரம் எழுதி எழுதிச் சலித்துப்போய், சொந்தமாக ஒரு லாரி ஓட்டலாம் என்று வேலையை விட்டுவிட்டாள். அதே தொழிற்சாலை அவளுக்கு ஒரு நிரந்தர லோடு தருவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த மாதம் பிறப்பதற்குள் லாரி வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். கூடவே இன்னொரு நிபந்தனை: லாரி மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அதற்கென்று அவள் பையில் ஒரு படிவம் இருந்தது, அதில் கிலோமீட்டர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கட்டத்தைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். "மூணு லட்சம்னு எவன் சொன்னான்? உங்க மேனேஜர் லாரிக்கு அடியில ஒரு தடவையாவது படுத்துப் பாத்திருக்கானா? இப்படி நம்பரை மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் அவனுங்க மீட்டரைத் திருப்புறானுங்க."

"மாமா, மெதுவா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது" என்றாள் அவள்.

"பாக்கட்டும்."

யார்டில் அவளுக்காகத் துடைத்து நிறுத்தியிருந்தது ஒரு நீல லாரி. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வயது பதின்மூன்று என்று காகிதம் சொன்னது; ஊர் மாறி நம்பரும் மாறியிருந்தது. மீட்டரில் 1,18,460. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யார்டு முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "வண்டி ஓடவே இல்லம்மா. பாதி நாள் நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார்.

மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கிளட்ச்சில் காலை வைத்ததும், "ரப்பர் புதுசு" என்றார். ஒரு லட்சம் ஓடிய வண்டிக்கு ரப்பர் ஏன் மாற்ற வேண்டும்? குனிந்து, அதை உரித்துக் கீழே போட்டார். வெறும் இரும்பின் மேல் மறுபடி காலை வைத்தார். பெருவிரலுக்கு நேரே, வலது ஓரத்தில், ஒரு சின்ன இரும்புத் துண்டு வரப்பு மாதிரி ஒட்டியிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக மீட்டரைப் பார்த்தார்.

கால் வழுக்குகிறது என்று அந்தத் துண்டை வெல்டிங் வைத்தது அவரேதான்.

எழுந்து, சீட்டைத் தூக்கினார். அடியில் டூல் பாக்ஸ். வண்டி முழுக்க நீலம் அடித்தவர்கள் அந்த மூடியின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே வெள்ளை பெயின்டில், குச்சியால் எழுதிய வரிகள் மேலிருந்து கீழ்வரை இருந்தன. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் மீட்டர் எவ்வளவு என்று எழுதி வைப்பது அவர் பழக்கம். ஆயிலோடு சேர்த்து வீட்டுச் செய்தியும் எழுதுவார். விசேஷம் எதுவானாலும் அவருக்கு அது ரோட்டில்தான் வந்து சேரும்.

பாப்பா ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். கடைசி வரி 6,12,400. மேலே ஏழாவதோ எட்டாவதோ வரியில், 1,41,300, பக்கத்தில் சின்ன எழுத்தில் "பாப்பாவுக்கு வேலை" என்று இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"மாமா, இது உங்க வண்டியா?"

"ஒம்பது வருஷம். கம்பெனியில இருந்து புதுசா இறக்கிக்கிட்டு வந்தவனே நான்தான்." மீட்டரைக் காட்டினார். "இந்த மீட்டர் சொல்றபடி பாத்தா உனக்கு இன்னும் வேலையே கிடைக்கல பாப்பா."

பிறகுதான் கோபம் வெடித்தது. முதலாளி பக்கம் திரும்பி, "நின்னுக்கிட்டிருந்துச்சா? அப்ப என் முட்டி எதுல தேஞ்சுது? வீட்டு வாசப்படி ஏறியா?" என்று கேட்டார். பக்கத்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல இந்தப் பக்கம் வந்து நின்றார். "என் பொண்ணு பிரசவத்துக்கு நான் இல்ல. எங்கம்மா சாவுக்கு ஒரு நாள் லேட். எல்லாத்தையும் இந்த வண்டியில ஓட்டிட்டு வந்தேன். அத ஒரு ஸ்குரூ டிரைவர வச்சு இல்லைன்னு ஆக்கிட்டீங்க. யாரக் கேட்டு ஆக்கினீங்க?"

இதில் பெரிய அநியாயம், வண்டி நல்ல வண்டி. என்ஜினை ஸ்டார்ட் செய்து, கியர் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கேட்டார். ஐந்து லட்சம் கிலோமீட்டரில் அவர் பக்கத்தில் நின்று பிரித்துப் பூட்டச் சொன்ன என்ஜின், இன்றைக்கும் ஒழுங்காகத்தான் மூச்சு விட்டது. "வண்டி என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். உண்மை நம்பர் போட்டு நிறுத்தியிருந்தால் அவரே அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து வாங்கச் சொல்லியிருப்பார். நல்ல வண்டிக்கே பொய் சொல்கிறவர்களை என்னதான் செய்வது.

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. அவர் பார்வை பாப்பாவின் கையிலிருந்த படிவத்தில் விழுந்தது. "ஐயாவே வண்டி நல்லாருக்குன்னு சொல்றாரு. உங்க ஆபீசுக்கும் இந்த நம்பர்தான் தோதா இருக்கு. அப்புறம் எதுக்கும்மா வம்பு?" உள்ளே திரும்பி, "யாருப்பா அங்க, தின்னரும் துணியும் கொண்டா. மூடியில இருக்கிற எழுத்த மட்டும் தொடச்சிடலாம்" என்றார்.

மாமா சட்டென்று இறங்கிவிட்டார். அவள் என்ன சொல்லுவாளோ, அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. லோடு அவளுடையது, பதினோரு வருடச் சேமிப்பு அவளுடையது. மூடியில் இருப்பது மட்டும்தான் இவருடையது. அதற்காக அவளை வேண்டாம் என்று சொல்ல வைக்க இவருக்கு என்ன உரிமை? முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் செருப்புக்குள் நுழைத்தார்.

யார்டு ஆள் தின்னர் நனைத்த துணியோடு வந்து கேபினுக்குள் நீட்டினான். பாப்பா வாங்கினாள். சீட்டைத் தூக்கியதில் கையில் ஒட்டிய கிரீஸை அதில் நிதானமாகத் துடைத்துவிட்டு, துணியைத் திருப்பிக் கொடுத்தாள். மூடியைச் சாத்தி, அதன் மேல் படிவத்தை விரித்தாள்.

"உங்ககிட்ட வந்தப்ப மீட்டர் எவ்வளவு இருந்துச்சு?" என்று முதலாளியைக் கேட்டாள்.

அவர் பக்கத்து லாரியை வாங்க வந்து நின்றவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எட்டு நாப்பத்தி மூணு" என்றார், பல்லுக்குள்ளேயே.

அவள் கட்டத்தில் 8,43,000 என்று எழுதினாள். "பில்லுலயும் இதையே எழுதிக் குடுங்க. அதுக்கு என்ன விலையோ அதச் சொல்லுங்க."

"அப்படி எழுதினா மத்த வண்டிங்களை யாரும்மா வாங்குவா?"

"அது உங்க பாடு."

"பாப்பா, மேனேஜர் லோடு தரமாட்டான்" என்றார் மாமா கீழேயிருந்து.

"தரலைன்னா வேற லோடு தேடுறேன். லாரி வந்த நேரத்த மாத்தி எழுதச் சொல்லி அவரே எத்தனையோ தடவை கேட்டிருக்காரு மாமா. அப்பவே நான் எழுதினதில்ல. இப்ப உங்க வண்டிக்கா எழுதப்போறேன்?"

பக்கத்தில் நின்றவர் தான் பார்த்துக்கொண்டிருந்த லாரியின் கதவைத் திறந்து, சீட்டைத் தூக்க ஆரம்பித்திருந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, உள்ள வாங்க, எழுதிக்கலாம்" என்று அவசரமாக ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மாமா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்கக் குனிந்து, வலது காலிலிருந்து அதைக் கழற்றினார்.