எட்டாத காது

வீட்டில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிஐடி. பெரியவர்கள் எங்கே குரலைத் தணித்துப் பேசுகிறார்களோ அங்கே என் காது போய் நிற்கும். ஆனால் பெரியப்பாவின் ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் துப்புத் துலக்கவே முடியவில்லை. எந்தக் குழந்தையைக் கண்டாலும் அதன் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலாக வளைத்து, விரல் இடது காதைத் தொடுகிறதா என்று பார்ப்பார். தொட்டுவிட்டால் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட என்னைக்கூட விடமாட்டார்.

அப்போதெல்லாம் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க அதுதான் அளவு. பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அது ஜூன் மாதத்துச் சங்கதி. பெரியப்பாவுக்கு மட்டும் வருஷம் பூராவும் ஏன் ஜூன் மாதம் என்பதுதான் என் கேள்வி. அம்மாவிடம் கேட்டால், "போயி வாய்ப்பாடு படி" என்பாள்.

பெரியப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். வேங்கிக்காலில் எங்கள் தெருவிலேயே அவர் வீடு. அங்கே ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர்கூடப் பெரியம்மா பெற்றதில்லை. அவள் பெற்ற ஒரே பையன் பூஜை அறையில் படமாக இருந்தான். வெள்ளைச் சட்டை, காக்கி டிரவுசர், படிய வாரிய தலை. நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்ட அண்ணன்.

அவனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் கிடந்தானாம். அவனுக்கு உடம்பு தேறிவிட்டது, கூட்டிப்போகத்தான் யாரும் இல்லை. மகனைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டேன் என்று பெரியம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாளாம். அதற்கப்புறம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் ஊரே அந்த வீட்டைக் கைகாட்டியது. வேண்டிய மனுக்களைப் பெரியப்பாவே முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, அதிகாரியின் மேசை வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு நடப்பார்.

எட்டாவதாக வந்தவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். பெற்றவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். ஐந்து வயது என்று சொல்லி உறவுக்காரர்கள் விட்டுப்போனார்கள். பார்த்தால் மூன்றுதான் சொல்லலாம். பெரியப்பா தினமும் அவள் கையைத் தூக்கிப் பார்ப்பார். விரல் முடியிலேயே நின்றுவிடும். அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ரகசியமாக அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் காது தானாக விரலுக்கு வந்துவிடும். நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.

பள்ளி திறந்த அன்று வித்தை பலிக்கவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த தலைமை ஆசிரியை, "தலைய நேரா வையி" என்று அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். விரல் ஓர் அங்குலம் தள்ளி நின்றது.

"வயசு பத்தல சார். அடுத்த வருஷம் கூட்டினு வாங்க. கொழந்த எங்க ஓடிடப் போவுது?"

யாரும் சொல்லக்கூடிய பேச்சுதான். ஆனால் ஆபீஸ் பியூனிடம்கூட அதிர்ந்து பேசாத பெரியப்பா குரலை உயர்த்தினார். "அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர்" என்றார். அவளைத் தூக்கிக்கொண்டு போய், ஆபீசுக்குப் போட்டிருந்த பேண்டோடு வேப்பமரத்தடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மானம் போனது. வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் விரலைப் பிடித்து மண்ணில் 'அ' போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை தலைமை ஆசிரியை வந்து, "சரி சார், பேரு ஏத்தாம சும்மா வந்து உக்காரட்டும்" என்று இறங்கி வந்தார். பெரியப்பா மசியவில்லை. ரிஜிஸ்தரில் பேர் எழுதியாக வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. பேர் ஏறாவிட்டால் என்ன, பாடம் ஒன்றுதானே?

மத்தியான மணி அடித்ததும் ஒண்ணாம் வகுப்பு டீச்சர் தலைமை ஆசிரியையிடம் போய் ஏதோ சொன்னார். அவர் அந்தப் பள்ளியிலேயே ரொம்ப வருஷமாக இருப்பவர். சிஐடி எவ்வளவு முயன்றும் ஒரு வார்த்தை விழவில்லை. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. தலைமை ஆசிரியை ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு தாமே மரத்தடிக்குப் போய் அவள் பேரை எழுதினார். பெரியப்பா அந்த வரியை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். அவள் ஒண்ணாம் வகுப்புக்குள் போய்ச் சுவரோரம் உட்காரும்வரை பார்த்திருந்துவிட்டு, கழற்றி வைத்த செருப்பை மறந்து வெளியே நடந்தார். செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

என் மகனைப் பள்ளியில் சேர்த்த வருஷம்தான் அம்மா வாயைத் திறந்தாள். படத்திலிருந்த அண்ணனுக்கும் விரல் எட்டவில்லையாம். கையைத் தூக்கிப் பார்த்தவர் அதே ஒண்ணாம் வகுப்பு டீச்சர். அடுத்த வருஷம் கூட்டி வாங்க என்றிருக்கிறார். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். தைத்து வைத்த யூனிஃபார்மைப் போட்டே தீருவேன் என்று அவன் அடம்பிடித்ததால் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்தார்களாம். அடுத்த ஜூன் வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இதெல்லாம் தெரியாத நான், அன்று பள்ளி வாசலில் செருப்பை அவர் காலடியில் போட்ட கையோடு, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"பெரியப்பா, போட்டோ அண்ணன் நம்ம ஸ்கூல்ல எந்த கிளாஸ் வரைக்கும் படிச்சான்?"

பெரியப்பா செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, "ஒண்ணாங்கிளாஸ்மா" என்றார்.

"எங்க உக்காருவான்?"

"இப்ப அந்தப் பொண்ணு போயி உக்காந்தாளே, அங்கதான்."

நான் நம்பினேன். மறுநாள் இடைவேளையில் ஒண்ணாம் வகுப்புக்குப் போய், அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, அண்ணன் தன் பேரை எங்காவது கீறி வைத்திருக்கிறானா என்று அந்தச் சுவர் முழுக்கத் தேடினேன்.