செல்வியின் அம்பாசடர் கதவுகள்

செல்வி இறந்துவிட்டார். காலையில் அவர் தங்கை போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்... அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பது வயது. என்னைவிட ஒரு வயது சின்னவர்.

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே பெண் டிரைவர் செல்விதான். பழைய வெளிர் பச்சை அம்பாசடர். பிரசவம், பாம்புக்கடி, விடாத காய்ச்சல்... ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தால் என் அடுத்த போன் அவருக்குத்தான்.

வண்டி அவர் கணவர் வாங்கியது. அவர் இறந்தபிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் பலா மரத்தடியில் நின்றது. வித்துவிடு என்றவர்களிடம் செல்வி வாதாடவில்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து சாவியைப் போட்டார்.

முதல் தடவை அந்த வண்டியில் கீழே இறங்கியது நினைவிருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் களக் களக் என்று சத்தம். தண்ணீர் கேன் உருளுகிறது என்று நினைத்து சீட்டுக்கு அடியில் தேடினேன்.

"கேன் இல்லீங்க நர்சம்மா. கதவுக்குள்ள மழைத்தண்ணி நிக்குது. பழைய வண்டின்னா அப்படித்தான்னு மெக்கானிக் சொல்றாருங்க."

நானும் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். அவரும்தான்.

அடுத்த வருடம் ஆடி மாதம். மூன்று நாள் மழை. முதல் பிரசவம், வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பியிருக்குமோ என்று எனக்குப் பயம். ஆம்புலன்ஸ் இல்லை. செல்வி வந்தார். எழுபது வளைவையும் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. பின்பக்க இடது கதவு திறக்கவில்லை.

உள்ளே இருந்து நான் தள்ளினேன், வெளியே இருந்து செல்வி இழுத்தார். தேங்கிய தண்ணீரில் பூட்டே துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்தப் பெண்ணை வலது பக்கமாக நகர்த்தலாம் என்று பார்த்தால், நல்லவேளை, தலைதான் வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் நகர்த்த முடியவில்லை. பின்சீட்டிலேயே பிரசவம் பார்த்தேன். குழந்தை உடனே அழவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்...

அழுதது. பெண் குழந்தை. தாயும் நன்றாக இருந்தார்.

நான் இறங்கிப் பார்த்தபோது செல்வி மழையில் நின்றுகொண்டிருந்தார். கதவின் கைப்பிடி உடைந்து அவர் கையோடு வந்திருந்தது.

"ஒண்ணும் ஆகலையே செல்வி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

"கதவு தொறக்கலீங்களே, நர்சம்மா. இன்னொருக்கா இப்படி ஆக உடமாட்டேனுங்க."

அடுத்த எட்டு நாள் சவாரி எதற்கும் போகவில்லை.

மெக்கானிக் நாலு கதவையும் மாற்றச் சொன்னாராம். "மாத்துன கதவுலயும் தண்ணி நின்னா என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டுச் செல்வி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி, அந்தக் கதவின் உள்பக்க அட்டையைத் தானே கழற்றினார். இரண்டு கிளிப் உடைந்தது. திட்டிக்கொண்டார், தன்னைத்தான்.

கதவுக்கு அடியில் நியூஸ் பேப்பர் விரித்தோம். நான் கண்ணாடிமேல் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அவர் மண்டியிட்டு உள்ளே பார்த்தார். தண்ணீர் கண்ணாடியோரம் இறங்கிக் கதவுக்குள் போனது. பேப்பரில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க."

ஊற்றினேன். பேப்பர் காய்ந்தே கிடந்தது.

கதவின் அடியில் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். தண்ணீர் வெளியேற அடியில் மூன்று ஓட்டை இருக்கவேண்டும். முன்பு யாரோ பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தபோது மூன்றையும் சேர்த்துப் பூசி மூடியிருக்கிறார்கள்.

"கண்ணாடியோரம் கொஞ்சம் எறங்கத்தானுங்க செய்யும். போற வழிய அடைச்சுட்டாங்களே, பாவிங்க."

சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றை வைத்துக் குத்தினார். பழுப்புத் தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது. துரு, மண், ஒரு செத்த பூரான்.

அன்று மாலைக்குள் நாலு கதவின் ஓட்டைகளையும் திறந்துவிட்டார். காய்ந்து சுருங்கிப்போன கண்ணாடி ரப்பரை மாற்றினார். பூட்டுகள் சேலத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தன. அரித்துப்போன அடித்தகட்டுக்குத் தகடு வைக்க டிங்கரிடம் போனபோது நானும் போயிருந்தேன். செல்வி நகரவே இல்லை.

"அண்ணா, அந்த மூணு ஓட்டையத் தொடாதீங்க."

"தெரியுமுங்க அம்மணி, போய் டீ குடிச்சுட்டு வாங்க."

"டீ வேண்டாமுங்க."

மத்தியானம் வரை டீ குடிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த மழையில் பாம்பு கடித்த ஒருவரை இறக்கினோம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் செல்வி ஓடிவந்து அதே பின்பக்க இடது கதவில் கை வைத்தார். ஒரே இழுப்பு. ஆளை உள்ளே கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார்.

திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "தொறந்துச்சுங்க நர்சம்மா."

அதன்பிறகு எனக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. போனில் பேசிக்கொள்வோம். போன மாதம்கூட, "எப்ப வாரீங்க?" என்று கேட்டார். லீவு கிடைக்கட்டும் என்றேன்...

இன்று யாரிடமும் லீவு கேட்கவில்லை. வேலைக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சேந்தமங்கலத்தில் மலை பஸ்ஸுக்காக நிற்கிறேன். மேலே நல்ல மழையாம். நாலு மணிக்கு அடக்கம்.

வந்துவிடுவேன் செல்வி.