லூசியாவின் கள்ளக் கை

தலைமன்னார் கரையில் மீன் வெட்டுகிற லூசியாவுக்கு இடக்கைப் பழக்கம். பாரை மீனின் தலையை ஒரே வெட்டில் எடுப்பாள். வாயும் அதே வேகம். என் அண்ணன் றெனால்டின் மனைவி அவள். அவள் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச வேலை இருந்ததில்லை.

போன வருடம் வெட்டிக்கொண்டு நின்றவள் மீன்களுக்கு மேலேயே சரிந்தாள். அடுத்த கிழமையும் சரிந்தாள். கள்ளு என்று கரை முடிவு செய்தது. குடிக்கிறவன் என் அண்ணன். அவன் ஒருநாளும் விழுந்ததில்லை, நல்ல பழக்கம். மீன் வெட்டுகிற கொட்டிலின் சொந்தக்காரர் எட்வேட் அவளுடைய கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, குடியை விட்ட பிறகு வரச் சொன்னார். குடிக்காதவள் எதை விடுவது? அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன். கண்டியிலிருந்து வந்து, தமிழைப் புத்தகத்தில் படித்த டொக்டர் அம்மா அவளுடைய இடது மணிக்கட்டை நெடுநேரம் பிடித்துப் பார்த்து, நாடி இல்லை என்றார். எங்கள் பக்கத்தில் முகவாய்க்கும் நாடி என்றுதான் பெயர். லூசியா முகவாயைத் தடவினாள்.

"இஞ்ச கிடக்குது டொக்டர். கையில எனக்கு எப்பவும் இருந்ததில்லை."

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசியில் மருந்தேற்றி, தலையைக் குழாய்க்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் இரத்தம் ஓடுவதைக் காட்டுகிற படமாம். தாராளமாக ஓடுகிற இடம் சிவப்பு, தட்டுப்பாடான இடம் நீலம். பின்பக்கம் நீலமாகக் கிடந்தது. அண்ணன் போனில் கேட்டது ஒன்றுதான்: உள்ளே மூளை என்று ஏதாவது தெரிந்ததா?

இரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, இடது கைக்குப் போகிற வழி ஒடுங்கிவிட்டது என்று அங்கிருந்த டொக்டர் விளக்கினார். அந்தக் கை கடுமையாக வேலை செய்தால், மூளைக்கு ஏறுகிற இரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். அப்போதுதான் தலை சுற்றுகிறது.

"உங்கட கை மூளையிட்டயிருந்து இரத்தத்தைக் களவெடுக்குது, அம்மா. இனி அதால வெட்டாதேங்கோ."

லூசியா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கூடவே திரிந்த கை.

அழற்சிக்குத் தந்த குளிசைகளை விழுங்கி, முகம் சூட்டில் பொங்கிய பாண் போல ஊதியது. நாடி இப்போது உண்மையாகவே காணாமல் போனது. ஊருக்கு வந்ததும் கொட்டிலுக்குப் போய், மீன் வாங்க நின்ற சனத்துக்கு முன்னால் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"கள்ளு எண்டியள், எட்வேட் அண்ணை. கொஞ்சம்தான் பிழை. கள்ளக் கை."

எட்வேட் நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் தலைகீழாக இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் கத்தியை எடுத்து நீட்டினார். அவள் வலக்கையால் வாங்கினாள்.

இப்போது அவள் வெட்டுகிற துண்டுகள் எல்லாம் கோணல். குடித்தவள் வெட்டியது போல இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் கோபிப்பதில்லை.

"இடக்கை திருந்தீற்றுது. வலக்கைக்குத்தான் இன்னும் கள்ளு வெறி முறியேல்ல."