மெர்சி தேடிய ஸீ ஸ்லக்

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டேன். அரை நொடி வேலைதான்... ஆனால் அந்த அரை நொடிக்காக ஒருத்தி இரண்டு வருடம் காத்திருந்தாள்.

மெர்சி, பள்ளிவாசல் என்ற எங்கள் மலையூரில் பக்கத்து வீடு. விலங்கியல் டீச்சர். தேயிலை மலையில் பிறந்தவளுக்குக் கடல் மேல் அப்படியொரு பைத்தியம். லீவு கிடைத்தால் பஸ் ஏறித் தெற்கே பாறைக் கடற்கரைக்குப் போய்விடுவாள். கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் ஸீ ஸ்லக் தேடுவாள். ஓடில்லாத கடல் நத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகத்தளவுதான் இருக்கும். நிறமோ, எந்தப் புடவைக்கடையிலும் கிடைக்காது.

இரண்டு வருடம் முன்பு ஊதா விளிம்போடு ஒன்றைப் பார்த்திருக்கிறாள். படத்தைப் பார்த்த நிபுணர், அபூர்வமான இனமாக இருக்கலாம் என்றார். ஆனால் முதுகில் பூப்போல விரியும் செவுள் மங்கலாக விழுந்திருந்தது. அது தெரியாமல் பெயர் சொல்ல முடியாதாம். அன்றிலிருந்து அதே குழிகளில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறை துணைக்கு நானும் போனேன். மூன்றாம் நாள் காலை. கணுக்கால் தண்ணீரில், வெயில் கூசாமல் இருக்க அவளுக்குக் குடை பிடித்து நிற்கிறேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அதேதான். உங்க காலுகிட்ட பாசியில இருக்கு. அசையாம நில்லுங்க. செவுளு தெரியுத மாதிரி ஒரு படம் போதும்."

அவள் கேமராவைச் சரிசெய்வதற்குள் என் பாதத்தில் ஏதோ வழவழவென்று ஏறியது.

எஸ்டேட்டில் ஐம்பது வருடம் இருந்தவள் நான். காலில் ஊர்வது எங்களுக்கு அட்டைதான். பார்ப்பதுமில்லை, யோசிப்பதுமில்லை. கை தானாகப் போனது — சுண்டிவிட்டேன்.

கடல் ஏறிக் குழி நிரம்பும்வரை இரண்டு பேரும் தேடினோம். கிடைக்கவில்லை.

"மன்னிச்சிரு மெர்சி."

"விடுங்கக்கா. நானா இருந்தாலும் சுண்டித்தான் விட்டிருப்பேன்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. திரும்பும் வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பழக்கம் நம்மைக் காப்பாற்றத்தான் செய்கிறது. ஆனால் எதையும் பார்க்க விடுவதில்லையே? முகத்தைக்கூடப் பார்க்காமல் எத்தனை மனிதர்களை இப்படிச் சுண்டிவிட்டிருப்பேன்?

நேற்று நல்ல மழை. வாசலில் நிற்கும்போது காலில் ஏதோ ஊர்ந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன்.

அட்டைதான்... அதற்குள் கடித்துவிட்டிருந்தது.